சனிக்கிழமை எண்ணெய்

தியாகராசாவின் மோட்டார் சைக்கிளில், பின்னிருக்கையின் மேல், ஒரு பிஸ்கட் தகரம் ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். 2008ஆம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்தபோது, கொழும்பு வீதியில் ஒரு தமிழன் மோட்டார் சைக்கிளில் தகரம் கட்டிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று அந்நாட்களில் இங்கே வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்க வேண்டும். தகரத்தை அவிழ்த்து, மூடியைக் கழற்றி, இரண்டடி தள்ளி நிற்க வேண்டும்.

ஒரு நாள் காலை பாமன்கடைச் சந்தியில் புதிதாக வந்திருந்த சிப்பாய் ஒருவன் குனிந்து பார்த்தான். துணியின் மேல் நான்கு சோடிப் பற்கள், இளஞ்சிவப்பு முரசுகளோடு, அதாவது ஈறுகளோடு, வாய் பிளந்து கிடந்தன.

“மே மொனவாத?” இது என்ன என்று கேட்டான்.

“தத், மாத்தயா. பொரு தத்.” பொய்ப்பல் என்று தியாகராசா சிங்களத்தில் சொன்னார்.

சிப்பாய் விரலால் ஒரு கடைவாய்ப் பல்லைத் தட்டிப் பார்த்தான். கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்தார்கள். ஊரில் தன்னுடைய தாத்தாவுக்கும் ஒரு சோடி வேண்டும் என்றான். பிறகு அந்தச் சிரிப்பு மாறாமலே அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் துண்டையும் வாங்கி, பிறந்த ஊரின் பெயரில் விரலை வைத்தபடி நின்றான். இருபது நிமிடம் போயிற்று.

தியாகராசாவுக்குக் கோபம் வந்தது சிப்பாயின் விரல் மேல் அல்ல, அந்த இருபது நிமிடத்தின் மேல். தகரத்தின் மற்றப் பாதியில், ஈரத் துணியில் சுற்றி, மூன்று வாய்களின் அச்சுகள் இருந்தன. நுகேகொடையிலும் களுபோவிலவிலும் உள்ள பல் வைத்தியர்கள், நோயாளியின் முரசில் பசை போன்ற ஒன்றை அழுத்தி எடுக்கும் அச்சுகள் அவை. அல்வாத் துண்டு போல மெத்தென்று இருக்கும். ஈரம் உலர உலரச் சுருங்கும். ஒரு மணித்தியாலத்துக்குள் அவற்றைக் கொட்டாஞ்சேனையிலுள்ள தன் வேலை மேசைக்குக் கொண்டுபோய், உள்ளே பிளாஸ்டர் வார்த்துவிட வேண்டும். பிந்தினால் ஒரு நூலளவு பிசகும். அந்த நூலளவு, பல் வைத்த மனிதருக்குச் சாகும்வரை முரசில் புண்ணாக இருக்கும். பல் வைத்தியரின் பெயர்ப் பலகை வீதியில் தொங்குகிறது. பல்லைச் செய்கிறவரின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் புண் வந்தால் திட்டு மட்டும் கொட்டாஞ்சேனைக்குச் சரியாக வந்து சேரும்.

யாழ்ப்பாணத்திலும் அவருக்கு இதுதான் தொழில். தொண்ணூற்றாறில் கொழும்புக்கு வந்தார். முதல் இரண்டு வருடம் பஸ்ஸில் அச்சுகளை மடியில் வைத்துக்கொண்டு போனார். சாவடிக்குச் சாவடி பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி ஏற்றினார்கள். நாலில் ஒரு அச்சு பாழாயிற்று. பிறகு ஒரு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளை வாங்கினார். இரண்டு ஸ்ட்ரோக், நூறு சிசி. பத்து வருடமாக அதுதான் அவருடைய கால்.

அந்தக் கால் இரவில் நிற்பது வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தண்ணீர்ப் பம்ப் அறைக்குப் பக்கத்தில். கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் ஐந்து மாடி. கீழே ஏழு கார், ஒரு மோட்டார் சைக்கிள். நான் நாலாம் மாடி. அவரும் மனைவி நேசமலரும் இரண்டாம் மாடி.

கார்த்திகை மாதம் முடியும்போது படிக்கட்டடியில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது.

“சுற்றாடல் பாதுகாப்பை முன்னிட்டு, எதிர்வரும் தை முதலாந் திகதியிலிருந்து மோட்டார் சைக்கிள்கள் வளவுக்குள் நிறுத்தப்படலாகாது. — செயலாளர், நிர்வாகக் குழு.”

இருந்ததே ஒரு மோட்டார் சைக்கிள். அதற்குப் பன்மை போட்டு மரியாதை செய்திருந்தார்கள்.

வளவுக்குள் விடாவிட்டால் வெளியே ஒழுங்கையில்தான் விட வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்து ஒழுங்கையில் ஒரு பொடியன் தன் சைக்கிளை மதிலோரம் விட்டுவிட்டு பேக்கரியில் பணிஸ் வாங்கப் போனான். யாரோ பொலிசுக்குப் போன் அடித்தார்கள். ஒழுங்கையை இரு பக்கமும் மூடினார்கள். பொடியன் பணிஸோடு திரும்பி வந்தபோது குண்டு நிபுணர்கள் அவனுடைய இருக்கையைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நாள் உள்ளே இருந்தான். சைக்கிள் திரும்பவில்லை. ஆகவே அந்த அறிவித்தலின் பொருள் எல்லாருக்கும் தெரியும்: தியாகராசா சைக்கிளை விற்க வேண்டும். சைக்கிள் போனால் தொழில் போகும். ஐம்பத்து நாலு வயதில் அவருக்கு வேறொன்றும் செய்யத் தெரியாது.

செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா முதலாம் மாடி. பெரிய கம்பனி ஒன்றில் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் கட்டடத்தில் பொலிஸ் பதிவுக்கு ஆட்கள் வந்த நேரமெல்லாம் ஒவ்வொரு வீட்டுக்காகவும் அவர்தான் போய் நின்று கதைத்தவர். ஆனால் சட்டம் எழுதும் ஆசை உள்ளவர். அந்த வாரம் பத்திரிகையில் காற்று மாசடைவதைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. அதை வெட்டி அறிவித்தலுக்குப் பக்கத்தில் குத்தியிருந்தார்.

அன்று பின்னேரமே தியாகராசா முதலாம் மாடிக் கதவைத் தட்டினார். நான் படியேறிக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டேன்.

“தியாகர், குறை நினையாதையும்,” என்றார் செயலாளர். “இது உமக்கு எதிரா இல்லை. சுற்றாடல் விசயம்.”

“வளவுக்குள்ளை நிக்கிற சைக்கிள் என்ர ஒண்டுதானே அண்ணை.”

“சட்டம் எண்டால் பொதுவாத்தான் எழுத வேணும்.”

“அப்ப வாகனங்கள் எண்டு எழுதியிருக்கலாமே. உங்கட கார் ஒரு லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?”

“ஏசி போட்டால் எட்டு.”

“என்ர நாப்பது. நான் நாள் முழுக்கக் கொழும்பைச் சுத்திவர எரிக்கிறதை நீங்கள் நுகேகொடைக்குப் போய்த் தேங்காய் வாங்கிவர எரிக்கிறியள்.”

“எரிக்கிறன். இல்லையெண்டு சொன்னனானே? ஆனா என்ர கார் புகைக்குதா? பின்னாலை போய் நிண்டு பாரும். நீர் ஸ்டார்ட் பண்ணினால் முதலாம் மாடி ஓமம் வளர்த்த வீடு மாதிரிக் கிடக்கு. ஐயர் மட்டுந்தான் இல்லை.”

இரண்டு பேரும் பாதிப் பாதி உண்மை பேசினார்கள். எரிபொருள் கணக்கில் தியாகராசா சொன்னது சரி. ஒற்றை ஆள் ஒரு தொன் இரும்பைத் தன்னோடு இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவது எந்தச் சாத்திரத்திலும் சிக்கனம் ஆகாது. ஆனால் செயலாளர் சொன்னதும் பொய்யல்ல. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் பெற்றோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கிறது. குறைவாகக் குடிக்கும், குடித்ததை ஒழுங்காகச் செரிக்காது. எனக்கு எரிச்சல் தந்தது வேறு. கட்டுரையில் கார்களைப் பற்றி முக்கால் பக்கம் இருந்தது. செயலாளர் மிச்சக் காற்பக்கத்துக்கு மட்டும் சட்டம் எழுதியிருந்தார். ஏழு பேர் கார் வைத்திருக்கும் இடத்தில் சுற்றாடல் எட்டாவது ஆளிடம்தான் தொடங்கும்.

அப்போது உள்ளேயிருந்து செயலாளரின் மனைவி கௌரி வந்தார். கையில் இழுப்புக்கு உறிஞ்சும் மருந்துக் குழாய்.

“தம்பி, நான் பொய் சொல்ல மாட்டன்,” என்றார். “எல்லா நாளும் இல்லை. திங்கக்கிழமை காலமைதான் நெஞ்சை அடைக்குது. மற்ற நாள் சமாளிப்பன்.”

“திங்களோ செவ்வாயோ, புகை புகைதானே,” என்றார் செயலாளர்.

தியாகராசா குழாயைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவருடைய குரல் தணிந்தது.

“அண்ணை, இப்ப அரசாங்கம் வாகனத்துக்குப் புகைச் சோதனை வைக்குதுதானே. வரிப்பத்திரம் எடுக்க எப்பிடியும் போகத்தான் வேணும். நான் பாஸ் பண்ணினால்?”

“பாஸ் பண்ணினால் நோட்டீஸை நானே கிழிக்கிறன்.”

“உங்கட காரும் போக வேணும்.”

“போகும். ஏன் போகாமல்?”

மார்கழி கடைசி ஞாயிறு மாடிக் கூட்டம். அதற்குள் சான்றிதழ். அப்படி முடிவாயிற்று.

இனி நான் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தியாகராசா சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்து முழுகுவார். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் செய்வதுதான். உடம்புச் சூடு தணியும் என்பார்கள், சனி தோசம் போகும் என்பார்கள். எழுபது கோடி மைலுக்கு அப்பால் உள்ள ஒரு கிரகம் வெள்ளவத்தைக் குளியலறையில் ஓடும் எண்ணெயைக் கவனித்துக்கொண்டிருக்கிறது என்று நம்புகிறவர்களோடு நான் வாதாடி அலுத்துவிட்டேன். தூரத்தைக் கூட நான் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் தியாகராசா முழுகி முடித்து, ஈரத் தலையோடு கீழே இறங்கி வந்து, பெற்றோல் தாங்கியின் மூடியைத் திறந்து, சைக்கிளுக்கும் எண்ணெய் ஊற்றுவார். டூ-டீ எண்ணெய் என்று பெற்றோல் ஷெட்டில் விற்கிறார்களே, அது. போத்தலில் கால்வாசி.

காவலாளி சங்கிலி அதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவன். எங்கள் கட்டடத்தில் நடக்கும் எல்லாம் அவனுக்குத் தெரியும்.

“ஐயா குளிச்சாச்சு. வண்டிக்கும் ஆச்சுங்களா?”

“ஓம். அதுக்கும் உடம்புச் சூடு இருக்குத்தானே.”

“சீயக்கா போடலீங்களே?”

“சீயக்காய் போட்டால் ஊத்தின எண்ணெய் போயிடும் சங்கிலி.”

வாராவாரம் நடக்கும் பகிடி இது. சோதனைக்கு முந்திய சனிக்கிழமை தியாகராசா பகிடி பேசவில்லை. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு முட்டை ஒன்று கூடுதலாக வைப்பதுபோல, கால் போத்தலுக்குப் பதிலாக அரைப் போத்தல் ஊற்றினார்.

திங்கட்கிழமை காலை சைக்கிளை உதைத்தபோது கீழ்த்தளம் புகையால் நீலமாயிற்று. முதலாம் மாடியில் கௌரி இருமுவது நாலாம் மாடிவரை எனக்குக் கேட்டது. சோதனை நிலையத்தில் ஒரு பெடியன் குழாயைச் சைலன்சருக்குள் விட்டான். பெயர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. திரையில் இரண்டு எண்கள் ஏறின, ஏறின, ஏறி நின்றன. அச்சடித்த தாளை நீட்டி, “பெயில், அங்கிள்,” என்றான். அவனுக்கே வருத்தமாக இருந்ததாம்.

மறுநாள் செயலாளரின் கார் போயிற்று. முன்கண்ணாடிக்குக் கீழே எலுமிச்சங்காயும் மூன்று மிளகாயும் தொங்கும் கார். நல்ல மதிப்பெண்ணோடு பாஸ். சான்றிதழின் பிரதி மாலையே அறிவித்தலுக்குக் கீழே ஏறிவிட்டது.

அன்று தியாகராசா வீட்டில் நடந்ததை நேசமலர் பிறகு சொன்னார்.

“பஸ்ஸிலை போங்கோவன்.”

“அச்சு சுருங்கும்.”

“அப்ப ஓட்டோவிலை.”

“ஒரு நாளைக்கு ஏழு இடம். ஓட்டோக்காரனுக்குப் பல்லைக் கழட்டிக் குடுக்கிறதோ?”

“விக்கப் போறியளோ?”

அவர் சோதனைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாராம். விற்பதானால் அந்த வாரமே வாங்க ஆள் இருந்தது. ஆனால் அவர் தன் கையால் ஆயிரம் பல் அரைத்தவர். ஒரு செட் வாயில் சரியாக உட்காராவிட்டால் வாயைக் குறை சொல்ல மாட்டார். எங்கே பிசகியது என்று தேடுவார். இந்தக் குணம் இருக்கிற மனிதன் கோயிலுக்குப் போகலாம், சனி முழுகலாம், எனக்குக் கவலையில்லை. அவன் பகுத்தறிவுள்ளவன்.

புதன்கிழமை மருதானைக்குப் போனார். புகையிரத நிலையத்துக்குப் பின்னால் ஹுசைனின் பட்டறை. ஹுசைன் சைக்கிள் வரும் சத்தத்திலேயே எழுந்து வெளியே வந்தான்.

“என்ன மாஸ்டர், சைக்கிளா கொண்டு வந்தீங்க, தேயில பெக்டரியா?”

தாளைக் காட்டினார். ஹுசைன் படித்தான். சைலன்சரைக் கழற்றி ஒரு தகரத்தின் மேல் சரித்துப் பிடித்தான். கரிய சர்க்கரைப் பாணி போல ஒன்று நூலாக இறங்கத் தொடங்கியது. நிற்கவில்லை.

“எவ்வளவு எண்ணெ ஊத்துறீங்க?”

“கால் போத்தல். சனிக்கிழமையிலை.”

“எதுக்குள்ள?”

“பெற்றோல் தாங்கிக்குள்ளை.”

ஹுசைன் சைலன்சரைக் கீழே வைத்துவிட்டு வண்டியின் பக்கத்து மூடியைத் திறந்து காட்டினான். “இந்தா பாருங்க. இந்தச் சைக்கிளுக்கு எண்ணெத் தாங்கி தனியா இரிக்கி. இது நிறைஞ்சி இரிக்கா எண்டு பாக்கிறதுதான் உங்கட வேல. பம்ப் ஒண்டு தேவையான அளவு சொட்டுச் சொட்டாக் குடுக்கும். தாய்ப்பால் குடிக்கிற புள்ளைக்கு நீங்க போத்தலும் வெச்சிப் பருக்கி இரிக்கிறீங்க. கக்காம என்ன செய்யும்?”

“எஞ்சினுக்கு எண்ணெய் கூடினால் நல்லதுதானே?”

“காருக்கு எண்ணெ உள்ளுக்கே சுத்திக்கொண்டு இரிக்கும் மாஸ்டர். இதுக்கு அப்பிடி இல்ல. போற எண்ணெ எல்லாம் எரிஞ்சி வெளிய வரும். ஆரு உங்களுக்கு இதச் சொல்லித் தந்த?”

தியாகராசா யோசித்தார். ஒருவரும் சொல்லித் தரவில்லை. காலம் சொல்லித் தந்தது.

தொண்ணூறு முதல் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை. பற்றரியும் சவர்க்காரமும் மெழுகுதிரியும் தடைசெய்த பட்டியலில் பெற்றோலும் ஒன்று. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஊசி மருந்துப் போத்தலில் நாலு சொட்டுப் பெற்றோல் வைத்திருந்து, காபரேற்றருக்குள் விட்டு உதைத்து உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் வறட்சி. பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். அதனால் எண்ணெய் கூடுதலாக விட்டார்கள். என்ஜின் எண்ணெய் கிடைக்காத நாட்களில் தேங்காயெண்ணெய் விட்டார்கள். வீதியெல்லாம் பலகாரம் பொரித்த மணம். தியாகராசா தலைக்கு வைக்கும் எண்ணெயில் ஒரு பங்கைச் சனிக்கிழமை தோறும் சைக்கிளுக்கு ஒதுக்கி வைத்தார், அடுத்த வாரம் வைத்தியர் வீடுகளுக்கு ஓட. அது தப்பிப் பிழைத்தது. அவரும் தப்பிப் பிழைத்தார். அந்தச் சைக்கிளைத் தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் கைதடியில் ஒரு மாமரத்தின் கீழ் விட்டுவிட்டு வந்தார். பழக்கத்தை மட்டும் கொண்டு வந்தார்.

ஒரு அரசு ஐந்து இலட்சம் மக்களுக்கு எரிபொருளைத் தடுத்தது. பதினெட்டு வருடத்துக்குப் பிறகு வெள்ளவத்தையில் ஒரு பெண்ணுக்கு மூச்சு முட்டுகிறது. இடையில் உள்ள ஒவ்வொரு கண்ணியையும் கையால் தொட்டுக் காட்டலாம். கர்மவினை என்று சொல்லித் தப்புகிறவர்கள் இப்படி ஒரு கணக்கை ஒரு நாளும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. அதுதான் என் கோபம்.

தியாகராசா ஹுசைனிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

“திங்கக்கிழமையிலை கூடுதலாப் புகைக்குமோ?”

“சனிக்கிழம ஊத்துறீங்க. ஞாயித்துக்கிழம ஓட்டுறீங்களா?”

“இல்லை.”

“அப்ப எண்ணெ அடியில எறங்கி நிக்கும். திங்கக்கிழம காலைல மொத உதையில அதுதான் போகும். ஏன் கேக்குறீங்க?”

“ஒண்டுமில்லை,” என்றார்.

ஹுசைன் சைலன்சரைச் சுட்டுச் சுத்தம் செய்தான். தாங்கியிலிருந்த கலவையை வடித்து, புதுப் பெற்றோல் விட்டு, காபரேற்றரைத் திருத்தினான். வெள்ளிக்கிழமை மீள்சோதனை. அதே பெடியன், அதே குழாய். எண்கள் ஏறின, பாதியில் நின்றன.

“பாஸ், அங்கிள்.”

தியாகராசாவிடம் அந்த ஆண்டில் இருந்த காகிதங்கள் பல. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம், தொழில் கடிதம். எல்லாம் அவர் யார் என்று சந்தேகப்பட்டுக் கேட்டவர்களுக்காகச் சேர்த்தவை. இது ஒன்றுதான் அவருடைய பிறப்பைக் கேட்காமல் கொடுத்தது. முதல் முறை தோற்கடித்தபோதும் அது நியாயமாகத்தான் தோற்கடித்தது.

மறுநாள் சனிக்கிழமை. முழுகிவிட்டுக் கதவடியில் நின்றார். கையில் எண்ணெய்ப் போத்தல்.

“எங்கை போறியள்?” என்றார் நேசமலர்.

“சும்மா பாத்திட்டு வாறன்.”

“போத்தலை வைச்சிட்டுப் போய்ப் பாருங்கோ.”

“பதினெட்டு வருசப் பழக்கம். கையைக் கட்டினது மாதிரிக் கிடக்கு.”

“சைக்கிளுக்கு இந்தக் கிழமை துடக்கு, தீட்டு எண்டு நினையுங்கோ. துடக்கு வீட்டிலை முழுக்கு இல்லை.”

அவர் போத்தலை வைத்தார். கீழே சங்கிலி காத்திருந்தான். வெறுங்கையைப் பார்த்துவிட்டு, “வண்டிக்குச் சளி, தடிமனுங்களா ஐயா?” என்று கேட்டானாம்.

ஞாயிறு காலை படிக்கட்டடியில் பிளாஸ்ரிக் கதிரைகள் போட்டுக் கூட்டம். நானும் இருந்தேன். நேரே சான்றிதழைக் காட்டி, வாக்கைக் கேட்டு, வென்று போயிருக்கலாம். தியாகராசா தாளை மேசையில் வைத்துவிட்டு உட்காராமல் நின்றார்.

“அண்ணை, பாஸ் பண்ணிப்போட்டன். ஆனா முதல் பெயில். ஏன் எண்டதையும் சொல்ல வேணும்.” கௌரியின் பக்கம் திரும்பினார். “அக்கா, திங்கக்கிழமை எண்டு நீங்கள் சொன்னது சரி. சனிக்கிழமை நான் ஊத்தின எண்ணெய்தான் திங்கக்கிழமை உங்கட நெஞ்சுக்கு வந்தது. பத்து வருசம். எனக்குத் தெரியாமல் செய்தது. இனி இல்லை.”

நேசமலர் தலையில் கை வைத்துக்கொண்டார். மனிதர் தானே குழி தோண்டிவிட்டார் என்று நானும் நினைத்தேன்.

செயலாளர் முன்னால் சாய்ந்தார். “அப்ப நீர் ஒத்துக்கொள்ளுறீர். பத்து வருசம் என்ர மனுசிக்குப் புகை போட்டதெண்டு.”

“ஓம்.”

“இதுக்குப் பிறகும் வளவுக்குள்ளை விடு எண்டு கேக்கிறீரோ? நாளைக்குத் திருப்பி ஊத்தமாட்டீர் எண்டதுக்கு என்ன சாட்சி?”

“இஞ்சேருங்கோ,” என்றார் கௌரி.

“நீர் கொஞ்சம் பொறும்.”

“நான் பத்து வருசம் பொறுத்தனான். அந்தத் தம்பி தன்ர எண்ணெயைத் தானே சொல்லிப்போட்டார். நீங்களும் உங்கட பத்து நிமிசத்தைச் சொல்லுங்கோ.”

“என்ன பத்து நிமிசம்?”

“விடியக் காலமை காரை ஸ்டார்ட்டிலை விட்டிட்டு நீங்கள் மேலை வந்து பேப்பர் வாசிக்கிறது. எஞ்சின் சூடேற வேணும் எண்டு. குசினி யன்னலுக்குக் கீழை. திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போகவும் அதே பத்து நிமிசம். கோயில் எங்கை கிடக்கு? இருமினால் கேக்கும்.”

மூன்றாம் மாடியில் ஒருவர் சிரித்துவிட்டு வாயைப் பொத்தினார். செயலாளருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

“கார் பாஸ். நல்ல மார்க்ஸ்.”

“நிக்கிற கார் ஒரு லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர் ஓடும் அண்ணை?” என்றார் தியாகராசா. குத்தலாகக் கேட்டது போலத் தெரியவில்லை. உண்மையாகவே கணக்குப் பார்ப்பது போலத்தான் இருந்தது. ஆனால் கணக்காளருக்குச் சைபரின் பொருள் தெரியும்.

அவர் அறிவித்தலைப் பார்த்தார். பிறகு எழுந்தார். கிழிக்கவில்லை. எழுதியதைக் கிழிக்க மனம் வராத மனிதர் அவர். பேனையை எடுத்து, “மோட்டார் சைக்கிள்கள்” என்பதை வெட்டி, மேலே “வாகனங்கள்” என்று எழுதினார். “நிறுத்தப்படலாகாது” என்பதற்கு முன்னால் ஒரு அம்புக்குறி போட்டு, “என்ஜின் ஓடுநிலையில்” என்று செருகினார். கையொப்பம் வைத்து, திகதி போட்டார்.

“சரிதானே?” என்று கௌரியைப் பார்த்துக் கேட்டார், தியாகராசாவைப் பார்க்காமல்.

“எழுத்துச் சரி,” என்றார் கௌரி. “நாளைக்கு விடியப் பாப்பம்.”

என்னிடம் பிறகு யாராவது மோட்டார் சைக்கிளா காரா சுற்றாடலுக்கு நல்லது என்று கேட்டால், நான் தியாகராசா சொன்னதைத்தான் சொல்வேன். கூட்டம் முடிந்து படியேறும்போது நானே அவரிடம் கேட்டேன்.

“சைக்கிள்தான்,” என்றார். இரண்டு படி ஏறிவிட்டுத் திரும்பினார். “அதுக்கு எதை, ஏன் ஊத்துறன் எண்டு ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சால்.”

திங்கட்கிழமை ஆறரைக்கு அவர் சைக்கிளை உதைக்கவில்லை. பம்ப் அறையிலிருந்து படலை வரை தள்ளிக்கொண்டு போனார். சங்கிலி படலையைத் திறந்துவிட்டான். ஒழுங்கையில் நின்று உதைத்தார். முதலாம் மாடியில் கௌரி யன்னலைத் திறந்தபடி நின்றார். ஒரு சிறு வெள்ளைப் புகைக் கொத்து எழுந்து கடற்காற்றில் கரைந்தது. அவ்வளவுதான். செயலாளரின் கார் அன்று வெளியே வரவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரோ தள்ளிவிட்டதுபோன்ற நடையில், கோயில் பக்கம் போவதைக் கண்டேன்.

பாமன்கடையில் தகரத்தைத் திறக்கச் சொன்னார்கள். திறந்தார். பற்கள் சிரித்தன. சிப்பாய் பிறந்த ஊரின் மேல் விரலை வைத்தான். வரிசையில் நின்ற நேரம் பதினெட்டு நிமிடம். கொட்டாஞ்சேனை மேசையில் அவர் துணியை அவிழ்த்தபோது அச்சுகள் இன்னும் ஈரமாக இருந்தன. பிளாஸ்டரைக் குழைத்து, ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல வார்த்தார்.